வானிலிருந்து தொங்கும் வடம்: விண்வெளி மின்தூக்கி எங்கே சிக்கி நிற்கிறது?

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் போனால் ஓட்டு வீடு, மாடி வீடு, டீக்கடை என்ற பேதமில்லாமல் கூரைகளில் டிஷ் ஆன்டெனா தெரியும். மாட்டிய நாளில் எந்தத் திசையைப் பார்த்ததோ, அதே திசையைத்தான் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்க்கும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் அதே நேரத்தில், அதாவது 23 மணி 56 நிமிடத்தில், அதுவும் ஒரு சுற்று முடிக்கிறது. ஆகவே நமக்கு அது நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றுகிறது. இதைப் புவிநிலைச் சுற்றுப்பாதை என்கிறோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாட்களில் அந்தப் புயலைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்த இன்சாட்-3டி, இன்சாட்-3டிஆர் இரண்டும் அந்த உயரத்தில் நின்றவைதான்.

அங்கே ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள் 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. எடை 2,274 கிலோ. அதைத் தூக்கிய ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் எடை சுமார் 420 டன். அந்த 2,274 கிலோவிலும் ஒரு பெரும்பங்கு, இறுதிப் பாதைக்கு ஏறுவதற்காகச் செயற்கைக்கோள் தன் வயிற்றிலேயே சுமந்து சென்ற எரிபொருள். ராக்கெட் தனக்கு வேண்டிய எரிபொருளைத் தானே சுமக்க வேண்டும். சுமக்கும் எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். இந்தக் கணக்கை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி 1903இலேயே சமன்பாடாக எழுதி வெளியிட்டார். அதிலிருந்து எந்த ராக்கெட்டும் இன்றுவரை தப்பவில்லை.

இத்தனைக்கும் மேலே போவதற்கு உண்மையில் தேவைப்படும் ஆற்றல் மிகக் குறைவு. நிலநடுக்கோட்டுத் தரையிலிருந்து ஒரு கிலோவைப் புவிநிலைப் பாதைக்கு ஒரு வடத்தின் வழியே ஏற்றினால் ஆகும் ஆற்றல் சுமார் 48.5 மெகாஜூல். மின்வாரிய மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 13.5 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். வழியில் எதுவும் வீணாகாது என்று வைத்துக்கொண்டால் அந்த 100 யூனிட் ஏழு கிலோவுக்கு மேல் கொண்டுபோய்விடும். இன்சாட்-3டிஎஸ் முழுவதையும் ஏற்ற முந்நூற்றுச் சொச்சம் வீடுகளின் இலவச மின்சாரம் போதும். நடைமுறையில் பெரும்பகுதி வீணாகும் என்பது உண்மைதான். பத்து மடங்கு வீணானாலும் 420 டன்னுக்குப் பக்கத்தில் வராது. தரையிலிருந்து விண்வெளி வரை ஒரு வடம் கட்டி, அதில் வண்டியை ஏற்றும் விண்வெளி மின்தூக்கி என்ற யோசனையை அறிவியலாளர்கள் நூற்றாண்டுக்கு மேலாகக் கைவிடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். அதைக் கற்பனைக் கதை என்று ஒதுக்குபவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

சியோல்கோவ்ஸ்கிதான் இதையும் முதலில் நினைத்தவர். பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தால் தூண்டப்பட்டு, 1895இல் புவிநிலைப் பாதையின் உயரம் வரை போகும் ஒரு கோபுரத்தைக் கற்பனை செய்தார். ஆனால் கீழிருந்து எழும் கோபுரம் தன் எடையாலேயே நொறுங்கும். அந்த முட்டுச்சந்திலிருந்து வழி கண்டவர் லெனின்கிராட் பொறியாளர் யூரி அர்ட்சுதானோவ். 1960 ஜூலை 31 அன்று 'கொம்சமோல்ஸ்கயா ப்ராவ்தா' நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை, கோபுரத்தைக் கீழிருந்து எழுப்பாமல் மேலிருந்து தொங்கவிடச் சொன்னது. புவிநிலைப் பாதையில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தி, அதிலிருந்து பூமியை நோக்கி ஒரு வடமும் எதிர்ப்பக்கம் வெளிநோக்கி இன்னொரு வடமும் ஒரே நேரத்தில் இறக்கிக்கொண்டே போக வேண்டும்; இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் நடுவில் உள்ளது நகராது.

ரஷ்ய மொழியில் வந்த அந்தக் கட்டுரை மேற்கில் யார் கண்ணிலும் படவில்லை. 1966இல் ஜான் ஐசக்ஸ் உள்ளிட்ட நான்கு அமெரிக்கர்கள் 'சயன்ஸ்' இதழில் அதே யோசனையைத் தாங்களாகவே கண்டு எழுதினார்கள். அவர்கள் விண்வெளித் துறையினர் அல்லர், கடலியல் ஆய்வாளர்கள். ஆழ்கடலில் பல கிலோமீட்டர் கம்பியை இறக்கி, அது தன் எடையாலேயே அறுந்துவிடுமோ என்று கவலைப்படுவதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது தோன்றியதில் வியப்பில்லை. 1975இல் ஜெரோம் பியர்சன் முழுக் கணக்கையும் போட்டு வெளியிட்டார். வெளிப்பக்க முனையில் தனியாக எடைக்கல் எதுவும் கட்டாவிட்டால் வடம் 1,44,000 கி.மீ. நீளம் இருக்க வேண்டும் என்று கண்டார். அதாவது நிலவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

வடம் விழாமல் நிற்பது எப்படி? அதன் ஒவ்வொரு துண்டின் மீதும் இரண்டு விசைகள்: பூமியின் ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது, பூமியோடு சேர்ந்து சுழல்வதால் வரும் மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது. 35,786 கி.மீ.க்குக் கீழே ஈர்ப்பு மிஞ்சுகிறது, மேலே வெளிவிசை மிஞ்சுகிறது, சரியாக அந்த உயரத்தில் இரண்டும் சமம். ஆகவே கீழ்ப்பாதி கீழே இழுக்க, மேல்பாதி மேலே இழுக்க, வடம் விறைப்பாக நிற்கும். இழுவை மிக அதிகமாக இருப்பது அந்த நடு இடத்தில்தான்.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'சார், 400 கிலோமீட்டர் வரைக்கும் லிஃப்ட் கட்டினால் போதாதா? சர்வதேச விண்வெளி நிலையம் அங்கேதானே இருக்கிறது?' என்று அறிவியல் கண்காட்சிகளில் மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. விண்வெளி நிலையம் விழாமலிருப்பது உயரத்தால் அல்ல, நொடிக்கு 7.7 கி.மீ. என்ற வேகத்தால். வடத்தில் அந்த உயரத்துக்கு ஏறியவரின் பக்கவாட்டு வேகம் நொடிக்கு அரை கி.மீ. கூட இருக்காது. அங்கே கையை விட்டால் நேராகப் பூமிக்கு வந்துவிடுவார். மேலே போகப் போகத்தான் வடம் ஏறுபவருக்கு வேகத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது. புவிநிலைப் பாதையில் கையை விட்டால் அப்படியே மிதக்கலாம். ஏறக்குறைய 46,750 கி.மீ.யைத் தாண்டி விட்டால் பூமியின் பிடியையே விட்டு வெளியேறிவிடலாம். செவ்வாய்க்குப் போகும் கலத்தை அதற்கும் மேலிருந்து கழற்றிவிட்டால் போதும், தொடக்க வேகத்துக்கு எரிபொருள் தேவையில்லை.

இயற்பியல் இவ்வளவுக்கும் இடம் கொடுக்கிறது. எல்லாம் சிக்கி நிற்பது வடத்தின் வலிமையில்தான்.

ஒரு கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டே போனால், ஒரு நீளத்தில் அது தன் சொந்த எடையால் அறுந்துவிடும். கம்பி தடிமனா மெல்லியதா என்பது இதில் பொருட்டே இல்லை. தடிமன் கூடினால் எடையும் கூடிவிடும். நல்ல எஃகுக் கம்பிக்கு அந்த நீளம் சுமார் 25 கி.மீ. குண்டு துளைக்காத உடைகளில் இருக்கும் கெவ்லார் இழைக்கு சுமார் 250 கி.மீ. மின்தூக்கிக்கு வேண்டியது? மேலே போகப் போக ஈர்ப்பு குறைவதையும் மையவிலக்கு விசையையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தரையில் உள்ள ஈர்ப்பிலேயே 4,950 கி.மீ. நீளம் அறுந்துபோகாமல் தொங்குவதற்குச் சமமான வலிமை. முன்னே சொன்ன 48.5 மெகாஜூலை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வருவதும் இதே எண்தான்.

வடத்தை எல்லா இடத்திலும் ஒரே பருமனாகச் செய்யாமல், இழுவை அதிகமுள்ள நடுவில் பருமனாகவும் இரு முனைகளில் மெல்லியதாகவும் செய்தால் வலிமை குறைந்த பொருளைக்கூடப் பயன்படுத்தலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பருமன் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் அச்சமூட்டுவது. கெவ்லாரில் செய்தால் நடுப்பகுதியின் குறுக்குவெட்டுப் பரப்பு தரைமுனையைப் போல 25 கோடி மடங்குக்கு மேல் வேண்டும். எஃகில் செய்தால் ஒன்றுக்குப் பின்னால் 30க்கும் மேற்பட்ட சுழியங்கள் போட வேண்டும். பூமியில் அவ்வளவு இரும்பே கிடையாது. அதுவே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 5 டன் தாங்கும், அதாவது 50 கிகாபாஸ்கல் இழுவிசை வலிமை கொண்ட, எஃகின் எடையில் ஆறில் ஒரு பங்கே உள்ள ஒரு பொருள் கிடைத்தால் மூன்றரை மடங்கு பருமன் போதும். எட்டாத ஒன்று, வலிமை சில மடங்கு கூடியதும் எட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

அப்படி ஒரு பொருள் இருக்கலாம் என்ற நம்பிக்கை 1991இல் வந்தது. ஜப்பானில் சுமியோ இஜிமா கார்பன் நானோகுழாய்களைப் பற்றி வெளியிட்டார்: கார்பன் அணுக்கள் தேன்கூட்டு வலையாகச் சேர்ந்து குழலாகச் சுருண்டவை, ஒரு குழாயின் விட்டம் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்குதான். கணக்கின்படி அவற்றின் வலிமை 100 கிகாபாஸ்கலுக்கும் மேல் போகலாம். தனிக் குழாய்களை இழுத்துப் பார்த்த சோதனைகளும் பத்துக்கணக்கான கிகாபாஸ்கலைக் காட்டின. அன்றிலிருந்து மின்தூக்கி பற்றிய எல்லா நம்பிக்கையும் இந்த ஒரு பொருளின் மீதே தொங்குகிறது.

தனிக் குழாய் அவ்வளவு வலிமையானால் வடம் ஏன் இன்னும் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கயிறு திரிக்கும் கொட்டகை ஒன்றுக்குப் போய் நின்றால் போதும். தண்ணீரில் ஊறிய தேங்காய் மட்டையைத் தட்டிப் பிரித்தால் வரும் நார் ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் இருக்கும். ராட்டின் கொக்கியில் நாரை மாட்டி ஒருவர் சுற்ற, மற்றொருவர் மடியில் கட்டிய நாரை விரலால் விட்டுக்கொடுத்துக்கொண்டே பின்னோக்கி நடப்பார். ஒரு நார் முடிவதற்குள் அடுத்த நார் அதன் மேல் ஏறிவிடும். அப்படித் திரித்த புரிகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் கயிறு. அந்தக் கயிற்றில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போகும் நார் ஒன்றுகூட இல்லை. சாண் நீள நார்கள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்வதால்தான் தேர்வடம் தேரை இழுக்கிறது. நார் சொரசொரப்பாக இருப்பது பெரிய வரம். முறுக்கு கூடக் கூடப் பிடியும் இறுகும்.

நானோகுழாயில் இந்தப் பிடிதான் இல்லை. அதன் மேற்பரப்பு அணு அளவில் வழவழப்பானது. பக்கத்துக் குழாயோடு அதற்கு இருப்பது மிக மெல்லிய ஈர்ப்பு மட்டுமே. திரித்து நூலாக்கி இழுத்தால் குழாய்கள் அறுவதற்கு முன்பே ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிவிடுகின்றன. அதனால் பத்துக்கணக்கான கிகாபாஸ்கல் தாங்கும் குழாய்களிலிருந்து சில கிகாபாஸ்கல் மட்டுமே தாங்கும் நூல் கிடைக்கிறது. குழாய்களுக்கு இடையே வேதிப் பிணைப்புகள் போட்டு வழுக்காமல் செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு பிணைப்பும் அந்தத் தேன்கூட்டு வலையில் ஒரு குறையை உண்டாக்குகிறது. குறை எவ்வளவு கொடியது என்பதை ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தினர் 2016இல் கணினிக் கணக்கீட்டில் காட்டினார்கள்: ஒரே ஒரு அணு இடம் மாறியிருந்தால் குழாயின் வலிமை 100 கிகாபாஸ்கலிலிருந்து 40க்கு இறங்கிவிடும்.

மாற்று வழி, பிடி தேவைப்படாத அளவுக்குக் குழாயையே நீளமாக வளர்ப்பது. பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் 2013இல் அரை மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள குழாயை வளர்த்தார்கள். அதே பல்கலைக்கழகத்தினர் 2018இல் சென்டிமீட்டர் நீளக் குழாய்கள் பலவற்றை ஒரே விறைப்பில் கட்டாக்கி, 80 கிகாபாஸ்கலுக்கு மேல் வலிமை கண்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தந்த முடிவு இதுதான். கட்டாகச் சேர்த்தாலே வலிமை போய்விடும் என்ற எண்ணத்தை அது உடைத்தது. மின்தூக்கிக்குப் போதுமான வலிமை ஒரு கட்டில் கிடைத்துவிட்டது, கிடைக்காதது நீளம். சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு அறிவிப்புகளைப் பார்த்தால் எது முன்னேற்றம், எது விளம்பரம் என்று விளங்கும். 2000 முதல் 2003 வரை நாசாவின் நிதியில் பிராட்லி எட்வர்ட்ஸ் செய்த ஆய்வு உண்மையிலேயே அடித்தளமானது: காகிதத்தைவிட மெல்லிய, 1,00,000 கி.மீ. நீளமுள்ள நாடா, முதலில் ராக்கெட்டில் கொண்டுபோன மெல்லிய நாடாவை இறக்கி, அதன் மேல் ஏறும் வண்டிகளே மேலும் மேலும் இழை சேர்த்துப் பருமனாக்குவது, வண்டிக்குத் தரையிலிருந்து லேசர் ஒளியால் மின்சாரம். அதன் பின் நாசா பரிசுப் போட்டிகள் வைத்தது. 2009இல் மொஹாவி பாலைவனத்தில் ஹெலிகாப்டரிலிருந்து தொங்கிய சுமார் 900 மீட்டர் கம்பியில் லேசர்மோட்டிவ் என்ற குழுவின் வண்டி லேசர் சக்தியால் ஏறி 9 லட்சம் டாலர் வென்றது. வலிமையான வடத்துக்கென்று வைத்த பரிசை ஒருவராலும் வாங்க முடியவில்லை. சிக்கல் வண்டியில் இல்லை, வடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

2012இல் ஜப்பானின் ஒபயாஷி கட்டுமான நிறுவனம், 2050க்குள் 96,000 கி.மீ. வடத்துடன் மின்தூக்கி கட்டுவதாக அறிவித்தது. முப்பது பேர் ஏறும் பெட்டி, மணிக்கு 200 கி.மீ. வேகம், புவிநிலைப் பாதைக்கு ஏழரை நாள். 2025இல் கட்டுமானம் தொடங்குவதாகவும் சொல்லியிருந்தார்கள். அந்த ஆண்டு வந்து போயிற்று, தொடங்கவில்லை. நிறுவனத்தின் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை; இழை இல்லாமல் ஆண்டைக் குறிப்பதில் பயன் இல்லை என்றுதான் சொல்கிறேன். அதே ஜப்பானில் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தினர் 2018 செப்டம்பரில் விண்ணுக்கு அனுப்பிய சோதனை எவ்வளவோ அடக்கமானது: பத்து சென்டிமீட்டர் கனசதுரங்கள் இரண்டு, இடையே சில மீட்டர் கம்பி, அதில் ஊர்வதற்கு ஒரு குட்டி வண்டி. அளவு சிறிது, ஆனால் கேள்வி சரியானது.

டெல்டாவில் இதைப் பேசினால் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, 'நம்ம கோடியக்கரையில் கட்ட முடியுமா?' என்பது. கோடியக்கரையிலிருந்து நிலநடுக்கோடு தெற்கே சுமார் 1,140 கி.மீ. வடத்தின் நடு நிலநடுக்கோட்டுக்கு மேலேதான் இருக்க முடியும் என்பதால், அதன் காலைக் கோடியக்கரையில் கட்டினால் வடம் தெற்கே சாய்ந்து வளைந்து நிற்கும். இழுவை கூடும், தாங்கும் சுமை குறையும். முடியவே முடியாது என்பதில்லை, வீண் சிரமம். அதைவிடப் பெரிய காரணம் இந்தக் கரைக்குப் பழக்கமானது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி விசை வேண்டும். நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் ஐந்து டிகிரிக்குள் அந்த விசை மிகக் குறைவு, அதனால் அங்கே புயல் உருவாவது மிக அரிது. பத்து டிகிரியில் இருக்கும் நாகை, வேதாரண்யம் கரைக்கு 1952, 1977, 2018 என்று புயல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எட்வர்ட்ஸ் தேர்ந்தெடுத்தது கிழக்குப் பசிபிக்கில், கலபகோஸ் தீவுகளுக்கு மேற்கே உள்ள கடல். புயலும் இல்லை, மின்னலும் குறைவு.

தரையை விட்டுக் கடலில் கட்டச் சொல்வதற்கு இன்னொரு காரணம், மிதக்கும் மேடையை நகர்த்தலாம் என்பது. நகர்த்தியே தீர வேண்டும். பூமியைச் சுற்றும் எந்தப் பொருளும் ஒவ்வொரு சுற்றிலும் நிலநடுக்கோட்டுத் தளத்தை இரண்டு முறை கடக்கிறது. வடம் நிற்பதும் அதே தளத்தில். ஆக இன்று சுற்றும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களும் உடைந்த துண்டுகளும் என்றாவது ஒரு நாள் வடத்தின் குறுக்கே வரும். 2007 ஜனவரியில் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது மட்டும் 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சேர்ந்தன. 2019 மார்ச்சில் இந்தியாவும் அப்படி ஒரு சோதனை செய்தது; தாழ்ந்த உயரத்தில் செய்ததால் துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் விழுந்து எரிந்தன. பெரியவற்றை முன்கூட்டியே கண்டு மேடையை நகர்த்தி வடத்தை விலக்கலாம். நெல்மணி அளவுத் துண்டை யாரும் கண்காணிக்க முடியாது. அதைத் தாங்கும்படி நாடாவைப் பல இழைகளாக, அகலமாகப் பின்ன வேண்டும். மேல் காற்றடுக்கில் இழையை அரிக்கும் ஆக்சிஜன் அணுக்கள், அதற்கும் மேலே கதிர்வீச்சுப் பட்டைகள் ஆகியவற்றுக்கும் பூச்சும் கவசமும் வேண்டும். விண்வெளிக் குப்பை பற்றிய உலக உடன்பாடுகள் மின்தூக்கிக்கும் சேர்த்துத்தான் தேவை என்பதைப் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நிலவில் நிலைமை வேறு. அங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு, காற்றும் இல்லை, குப்பையும் இல்லை. 2019இல் ஜெஃபிர் பெனாய்ர், எமிலி சாண்ட்ஃபோர்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள், நிலவின் தரையில் கட்டிய வடத்தைப் பூமியின் பக்கமாகத் தொங்கவிட்டுப் புவிநிலைப் பாதை அருகே வரை கொண்டுவருவதற்கு இன்று கடையில் கிடைக்கும் செயற்கை இழைகளே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். பியர்சனும் அதற்கு முன்பே நிலவுக்கான வடத்தைப் பற்றி நாசாவுக்கு ஆய்வு செய்து கொடுத்திருக்கிறார். நிலவில் ஆட்கள் தங்கி, அங்கிருந்து பொருள் கொண்டுவரும் தேவை எழும் நாளில் முதல் விண்வெளி மின்தூக்கி அங்கேதான் வரும் என்பது என் கணிப்பு.

பூமிக்கான வடம் எப்போது வரும் என்று கேட்கும் மாணவர்களிடம் நான் ஆண்டு எதையும் சொல்வதில்லை. விண்வெளித் துறைக்குப் போக வேண்டும் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ராக்கெட் பொறியியலைத்தான் நினைக்கிறார்கள். அவர்களிடம் இழைகளின் அறிவியலையும் பாலிமர் வேதியியலையும் எடுத்துப் படிக்கச் சொல்கிறேன், திருச்சி என்.ஐ.டி.யின் உலோகவியல், பொருள் பொறியியல் துறை நம் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். உலைக்குள் குழாயை வளர்க்கும் வினையூக்கித் துகள் செயலிழந்ததும் நானோகுழாய் வளர்வதும் நின்றுவிடுகிறது. அந்தத் துகளை இன்னும் நெடுநேரம் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பதற்கு விடை தெரிந்தால் அரை மீட்டர் பத்து மீட்டராகும்.